முப்பத்தொன்றாம் எண் வாசனை

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, சந்தில் இருந்தவர்கள் ஆராதனைக்குப் போனபிறகு, கிளாட்வின் தன் மனைவியைப் புது அரிசிக்கு மாற்றினான்.

அதற்கென்று ஓர் ஒழுங்கு இருந்தது. ஊறவைத்த புழுங்கலரிசியைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, வாயைப் பஞ்சால் அடைத்து, குக்கரில் முக்கால் மணி நேரம் வேகவைத்து முந்தின நாளே ஆறவிட்டிருப்பான். ஞாயிறு காலையில் விசிறியை நிறுத்துவான். கைகளை ஸ்பிரிட்டால் துடைப்பான். மெழுகுவர்த்தியை ஏற்றி, ஒரு ஹேர்பின்னின் நுனியைச் சுடரில் காட்டி, பழைய புட்டியிலிருந்து பச்சைத் தூள் படிந்த நாலைந்து அரிசியை எடுத்துப் புதியதில் போடுவான். பத்து நாளில் புது அரிசி வெளுத்துப் பூத்து, பிறகு பச்சையாகும். அப்போது பஞ்சைத் திறந்தால் பியூலா இருப்பாள்.

வெயிலில் நடந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, விசிறிக்கடியில் உட்காரும்போது அவள் காதோரத்தில் வரும் வாசம். கொஞ்சம் புளிப்பு. கொஞ்சம் சூடு. சூட்டுக்கு வாசம் உண்டா என்று யாராவது கேட்டால் அவனிடம் பதில் இல்லை. யாரும் கேட்கவில்லை.

மாதத்துக்கு ஒன்று. இது பதினெட்டாவது புட்டி.

வேறெதுவும் மிஞ்சவில்லை. சேலைகளை அவளுடைய அக்கா நாசரேத்துக்குக் கொண்டுபோய்விட்டாள். மெத்தையையும் தலையணையையும் அடக்கம் முடிந்த மறுநாள் யாரோ ஓடையோரம் போட்டு எரித்தார்கள். யார் என்று அவன் பார்க்கவில்லை. அந்த வாரம் அவன் எதையும் பார்க்கவில்லை. டெங்கு. நான்கு நாள். கல்யாணமாகிப் பதினான்கு மாதம்.

பியூலாவைக் கொசு தேடித் தேடிக் கடிக்கும். ஒரே கட்டிலில் படுத்திருக்கும் அவனைத் தொடாது. கொசு அதிகம் கடிப்பவர்கள் ஆராய்ச்சிக்குத் தேவை என்று சுகாதார அலுவலகத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, அவளாகவே போய்ப் பெயர் கொடுத்தாள். முழங்கை வரைக்கும் ஒரு வெள்ளைப் பருத்தி உறையைக் கொடுத்து, ஓர் இரவு போட்டுக்கொண்டு படுத்துத் திருப்பித் தரச் சொன்னார்கள். அதில் ஒட்டிய வாசனையைப் பிரித்து எடுப்பார்களாம். இரண்டு நாள் கழித்து, "குடுத்தாச்சு" என்றாள். அவ்வளவுதான். பிறகு அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. எட்டு மாதத்தில் அவள் போய்விட்டாள். அதற்கும் ஆறு மாதம் கழித்துத்தான் ஊருக்குள் டப்பாக்கள் வந்தன.

தூத்துக்குடியில் குழாயில் தண்ணீர் வருகிற நாள் பார்த்துத்தான் துணி துவைப்பதும் விருந்துக்கு அழைப்பதும். வீட்டுக்கு நாலு டிரம். டிரம்முக்கு டிரம் கொசு. மருந்து அடித்து அடித்து மருந்துக்கே கொசு பழகிவிட்ட காலத்தில்தான் பூஞ்சை வந்தது. உள்ளங்கை அகலக் கறுப்பு டப்பா. உள்ளே பச்சைத் தூள் தடவிய துணி. கிளாட்வின் தாவரவியல் படித்தவன். துணிக்குத் தூள் ஏற்றும் கிட்டங்கியில் வேலை கிடைத்தது.

முதல் டப்பாவைச் சந்தில் மாட்டியபோது பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பம் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து மோந்து பார்த்தாள். நாற்பத்தெட்டு வயது. ஊரில் ஆட்டோ ஓட்டும் ஆறு பெண்களில் ஒருத்தி.

"ஏல தம்பி, இதுக்குள்ள யாரை அடைச்சு வச்சிருக்கிய?"

"யாருமில்லக்கா. பூஞ்சை. ஊறுகாயில பூக்குமே, அந்த மாதிரி."

"ஊறுகாயில பூத்தது இப்பிடியா மணக்கும்? எங்க வீட்டுக்காரரு இருந்தப்ப சட்டையக் கழத்திப் போட்ட மாதிரில்ல இருக்கு."

"கொசுவுக்கு மனுச வாசம்தான் பிடிக்கும். அதனால பூஞ்சைக்கே மனுச வாசத்தக் குடுத்திருக்காங்க. மனுசன்னு நினைச்சு கொசு வந்து உக்காரும். தூள் கால்ல ஒட்டும். முளைச்சு உடம்புக்குள்ள துளைச்சுட்டுப் போகும். அஞ்சாறு நாள்ல செத்துரும்."

"அந்த அஞ்சு நாளும் என்னைக் கடிக்காதாக்கும்?"

"ரெண்டு மூணு நாள்லயே பசி போயிரும்க்கா."

"பசி போயிருமா?" தங்கபுஷ்பம் டப்பாவை மரியாதையாகப் பார்த்தாள். "அப்போ ஒண்ணு எனக்குக் குடுல. எம் மகளோட மாமியா வீட்டு ஆளுக தீபாவளிக்கு வாராக."

கிட்டங்கியில் பதினொரு வகைப் பூஞ்சை இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒருவருடைய வாசம். பெயர் கிடையாது. மாதிரி கொடுத்தவரின் எண் மட்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள் முப்பத்தொன்றாம் எண் வளர்ப்புத் தட்டைத் திறந்தவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். மூச்சுத் திணறலா என்று கேட்டார்கள். ஆமாம் என்றான். அதன்பிறகு முப்பத்தொன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டான். ஊரில் எந்தத் தெருவில் எந்தத் தூணில் அவள் இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். வேலை முடிந்து நடந்தே திரும்புவான்.

அது ஒரு வருடம்கூட நீடிக்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவரின் உடல் வாசனையைத் தெருத்தெருவாகத் தொங்கவிடலாமா என்று ஒருவர் வழக்குப் போட்டார். செத்துப்போன பிள்ளையின் வாசம் வருகிறதென்று ஒரு தாய் மின்கம்பத்தடியில் நின்று அழுவதாகச் செய்தி வந்தது. மனித வாசனை வகைகளை எல்லாம் அழிக்கச் சொல்லி உத்தரவாயிற்று. பதிலுக்கு ஏதோ பூவாசம் வீசும் பூஞ்சை வந்தது. கொசுவுக்குத் தேன் இருப்பதாகத் தோன்றும். அதுவும் நன்றாகவே கொன்றது. பழைய தட்டுகளை அவித்து அழிக்க ஆட்டோகிளேவில் அடுக்கிய நாளில் கிளாட்வின் முப்பத்தொன்றில் ஒரு தட்டைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

பதினெட்டு மாதம் ஆகிறது. யாருக்கும் தெரியாது. கொசுக்களுக்குத் தெரியும். புட்டி இருந்த சமையலறை ஜன்னலில், பஞ்சின் மேலேயே வந்து உட்காரும். கறுப்பு உடல், காலில் வெள்ளை வரி. அவன் விரட்டமாட்டான். அவள் இருக்கிறாள் என்பதற்கு அவை சாட்சி. அவளைக் கொன்றவை அவளிடமே வந்து மாட்டிக்கொண்டு சாகின்றன என்று நினைக்கையில் உள்ளே எதுவோ அசைந்தது. அந்த ஒன்றுதான் அவனுக்குள் அசைந்துகொண்டிருந்தது.

புதன்கிழமை தங்கபுஷ்பத்தின் ஆட்டோ சந்துக்குள்ளிருந்து நகரவில்லை. வியாழக்கிழமை காலை போய்ப் பார்த்தான். போர்வைக்குள் இருந்தாள்.

"கண்ணுக்குப் பின்னால யாரோ திருகாணி முடுக்குதான்" என்றாள்.

பியூலாவும் கண்ணுக்குப் பின்னால் என்றுதான் சொன்னாள்.

"கிளம்புங்கக்கா. இப்பவே."

"எந்த ஆட்டோவுல போறது? என் ஆட்டோவ ஓட்ட ஒனக்குத் தெரியுமா? தெரியாதுல்ல. அப்போ நானே ஓட்டுதேன்."

ஓட்டவில்லை. எழுந்ததும் விழுந்தாள். அவன் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினான். பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டெங்கு. ரத்தத் தட்டணு நாற்பதாயிரம்.

வெள்ளிக்கிழமை மதியம் ராபியா வந்தாள். பூச்சியியல் அதிகாரி. காயல்பட்டினத்துக்காரி. கொசுவை உறிஞ்சிப் பிடிக்கிற கண்ணாடிக் குழாயைக் கழுத்தில் மாட்டியிருந்தாள். காய்ச்சல் வந்த சந்தில் வீடுவீடாக எண்ணிக்கொண்டே வந்து, கிளாட்வின் வாசலில் நின்றாள்.

"நீங்க நம்ம கிட்டங்கி ஆள்தானே?"

"ஆமா மேடம்."

"ஏழு டப்பா இருக்கு இந்தச் சந்துல. ஏழும் நல்லா இருக்கு. ஒரு வீட்டுக்கு நாலு கொசுதான் இருக்கணும். இங்க முப்பது இருக்கு. சந்து முனையில கம்மி. உள்ள வர வர கூடுது. உங்க ஜன்னல்ல என்னால எண்ண முடியல." அவள் குழாயைக் கழற்றினாள். "உள்ள என்ன வச்சிருக்கீங்க?"

பொய் சொல்ல வாய் திறந்தான். பக்கத்து வாசலில் ஆட்டோ சும்மா நின்றது. உள்ளே போய்ப் புட்டியை எடுத்து வந்தான்.

அவள் பஞ்சைத் தூக்கி மோந்தாள். சட்டென்று மூடினாள்.

"முப்பத்தொண்ணு."

"ஆமா."

"எத்தன மாத்து?"

"பதினெட்டு."

"எல்லாமே அரிசியிலயா? ஒரு தடவகூட கொசுவுக்குக் குடுத்து எடுக்கலயா?"

"எதுக்கு, மேடம்?"

ராபியா நாற்காலியில் உட்கார்ந்தாள். "கிட்டங்கிக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவ நாங்க புதுத் தட்டு அனுப்புவோமே, எதுக்குன்னு நினைச்சீங்க?"

"அழுக்குச் சேராம இருக்க."

"இல்ல. இது வேட்டையாடுற ஜாதி. கொசுவத் துளைச்சாத்தான் சோறுன்னு இருந்தா துளைக்கும். வேளாவேளைக்குக் கண்ணாடிப் புட்டியில வெந்த அரிசி வந்துட்டா எதுக்குத் துளைக்கணும்? ஏழெட்டு மாத்துல மறக்க ஆரம்பிக்கும். அதனாலதான் அப்பப்ப ஒரு கொசுவக் கொல்ல வச்சு, அந்தப் பொணத்துல இருந்து எடுத்து மறுபடி வளர்ப்போம். பதினெட்டு மாத்துன்னா..." அவள் ஜன்னலைக் காட்டினாள். பஞ்சில் உட்கார்ந்து எழுந்த ஒரு கொசு கம்பியில் நின்று பின்னங்காலைத் துடைத்துக்கொண்டிருந்தது. "நல்லா இருக்கு பாருங்க. ஒண்ணும் ஆகாது அதுக்கு."

"வாசம் மட்டும் போகலயே, மேடம்."

"வாசம் நாங்க ஒட்ட வச்சது. அது போகாது. கொல்லுறது அதோட சொந்தக் குணம். அதுதான் போச்சு. நீங்க ஊர்க் கொசுவையெல்லாம் விருந்துக்குக் கூப்பிட்டிருக்கீங்க கிளாட்வின். வந்து பார்த்தா சாப்பிட ஒண்ணுமில்ல. அதுங்க பக்கத்து வீட்டுக்குப் போச்சு."

அவன் சுவரைப் பார்த்தான். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் தங்கபுஷ்பத்தின் கட்டில்.

"எதுக்கு வச்சிருந்தீங்க?"

"என் மனைவியோட வாசம் இது. அவ ஆராய்ச்சிக்கு மாதிரி குடுத்திருந்தா. பியூலா. பியூலா ஞானதுரை."

ராபியா கையிலிருந்த புட்டியை, இதுவரை பிடித்திருந்ததைவிட மெதுவாக மேஜையில் வைத்தாள்.

"கொசுவுக்குக் குடுத்துத் திருத்தலாமா, மேடம்? நீங்க சொன்ன மாதிரி?"

"நூறு கொசுவுல ஒண்ணாவது சாகணுமே. மாசக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் இந்தச் சந்துல யாரு காய்ச்சல்ல படுக்குறது?" அவள் எழுந்தாள். "நான் எடுத்துட்டுப் போனா எழுதித்தான் ஆகணும். உங்க வேல போயிடும். அதனால நான் இப்ப எதையும் பார்க்கல. திங்கக்கிழம வந்து மறுபடி எண்ணுவேன். எண்ணிக்கை சொல்லிடும்."

வாசலில் திரும்பி நின்றாள்.

"மாதிரி குடுத்தவங்க கைப்பட எழுதின படிவம் எங்க ஆபீஸ்ல இருக்கும். தேடி எடுத்துத் தரேன். அதையாவது வச்சுக்கிடுங்க."

சனிக்கிழமை முழுக்க அவன் புட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தான். ஒருமுறை குக்கரை எடுத்தான். வைத்துவிட்டான். ஜன்னல்களை எல்லாம் அடைத்து, இடுக்குகளில் துணி திணித்து, வாசம் வெளியே போகாமல் வைத்துக்கொள்ள முடியுமா என்று பார்த்தான். முடியும் போலத்தான் தோன்றியது. ஒரு பெட்டி, அதற்குள் ஒரு பெட்டி. மாதத்துக்கு ஒருமுறை, ஒரு நிமிஷம் திறந்தால் போதும். அந்த ஒரு நிமிஷம் யாருக்கு என்ன செய்துவிடும் என்று கேட்டுக்கொண்டான். பியூலாவை எந்த நிமிஷத்தில் எந்தக் கொசு கடித்தது என்று எவருக்கும் தெரியாது என்பதும் ஞாபகம் வந்தது.

நாலு மணிக்குத் தங்கபுஷ்பத்தின் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். சிவகாசியிலிருந்து வந்திருந்தாள். "அண்ணே, பதினெட்டாயிரத்துக்கு எறங்கிருச்சு. ஈறுல ரத்தம் வருது. ஒங்களுக்கு என்ன குரூப்?"

"அவங்க குரூப்தான்னு நினைக்கேன். வாரேன்."

போவதற்கு முன் குக்கரில் தண்ணீர் ஊற்றினான். பதினேழாவது புட்டியையும் பதினெட்டாவதையும் உள்ளே வைத்தான். பஞ்சைக் கடைசியாகத் திறந்து பார்க்கவில்லை. பார்த்தால் முடியாது என்று தெரியும். மூடினான். அடுப்பைப் பற்றவைத்தான்.

அவன் எதிர்பார்க்காதது ஆவி. முதல் விசிலுக்குச் சற்று முன்னால், வால்வின் ஓரமாக அது வெளிவரத் தொடங்கியதும், வீடு முழுக்க அவளாகிவிட்டது. புட்டிக்குள் மூக்கை நுழைத்து எடுக்கும் துளி அல்ல. சமையலறையில், கூடத்தில், கதவுக்குப் பின்னால், எங்கும். இப்போதுதான் வெளியே போய்விட்டு வந்து, எங்கே இருக்கிறாய் என்று கேட்கப்போகிறவள் போல. கிளாட்வின் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி நின்றான். என்ன செய்கிறோம் என்று தெரிந்து கைகளை இறக்கினான்.

விசில் அடித்தது. மூன்றாவது விசிலில் வெந்த சோற்று வாசம் வந்தது. முக்கால் மணி நேரம் கழித்து அது மட்டும்தான் இருந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு ரத்தம் கொடுக்கப் போனான்.

திங்கட்கிழமை மதியம் ராபியா எண்ணினாள். வீட்டுக்குப் பதினொன்று. "எறங்குது" என்றாள். பையிலிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்து நீட்டினாள். கொடுத்தபின்னும் அதன் ஒரு முனையை விடாமல் பிடித்திருந்தாள்.

"நேத்து ஆபீஸ் திறந்து தேடினேன். வெள்ளிக்கிழமையே பார்த்திருந்தேன்னா உங்ககிட்ட வேற மாதிரி பேசியிருப்பேன். படிங்க. திட்டணும்னு தோணுச்சுன்னா ஃபோன் பண்ணுங்க."

அவன் கவரைப் பிரிக்கவில்லை. முதலில் செய்யவேண்டியது ஒன்று இருந்தது. நேராக ஆஸ்பத்திரிக்குப் போனான். தங்கபுஷ்பத்துக்குத் தட்டணு நாற்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. தலையணையில் சாய்ந்து கஞ்சியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் சாப்பிடப் போயிருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். தட்டு, அரிசி, பதினெட்டு மாதம், ஜன்னல். குரலை ஏற்றாமல், இறக்காமல்.

தங்கபுஷ்பம் கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் ட்ரிப்ஸ் குழாயைப் பார்த்தாள்.

"ஒரு பிடி சோத்துக்குள்ள பொண்டாட்டிய வச்சுக்கிட்டு இருந்திருக்க."

"ஆமாக்கா."

"அவ என்னையக் கொல்லப் பார்த்திருக்கா."

"நான்தான்க்கா."

"எனக்குக் கோவம் வருது. ஆனா கோவப்படத் தெம்பில்ல. அறுபதாயிரம் ஆகட்டும், வந்து ஒன்னைய வச்சுக்கிடுதேன்." கண்ணை மூடினாள். மூடிய கண்ணின் ஓரத்தில் நீர் இறங்கியது. துடைக்கக் கை வரவில்லை, ஊசி குத்தியிருந்தது. அவன் துடைத்துவிட்டான். அவள் தடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "கையில என்னல கவரு?" என்றாள்.

"பியூலா எழுதின படிவம். மாதிரி குடுத்தப்ப எழுதினது. இன்னும் பிரிக்கல."

"பிரி. வாசி. எங்கிட்ட கண்ணாடி இல்ல."

பிரித்தான். அவள் கையெழுத்துதான். ளகரத்தைக் கொக்கி மாதிரி வளைப்பாள். பெயர், வயது, ரத்த வகை. வாசித்தான்.

"'கொசு உங்களை மற்றவர்களைவிட அதிகம் கடிக்குமா?' ஆம். பக்கத்தில் படுத்திருப்பவரைத் தொடுவதே இல்லை. அவரிடம் என்ன குறை என்று தெரியவில்லை."

தங்கபுஷ்பத்தின் வயிறு போர்வைக்குள் குலுங்கியது. "மேல வாசில."

கீழே சிவப்பு மையில், வேறொருவர் கையெழுத்தில் நாலு வரி. அவன் மனதுக்குள் படித்தான். திரும்பவும் படித்தான். வார்டில் எங்கோ ஒரு தட்டு விழுந்து உருண்டு ஓய்ந்தது. மாதிரி ஏற்கப்படவில்லை. அப்படியென்றால் முப்பத்தொன்று யாரோ. இந்த ஊரிலேயே எங்காவது இப்போது சமைத்துக்கொண்டிருக்கும் யாரோ. பதினெட்டு மாதம், அதற்கு முன்னால் தெருத்தெருவாக நடந்த மாதங்கள், கைகளை நீட்டிக்கொண்டு நின்ற அந்த மாலை, எல்லாம் முகம் தெரியாத ஒரு கைக்கு. பியூலாவின் வாசம் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தான். வரவில்லை. எப்போது போனது என்றும் தெரியவில்லை.

"என்னல, ஊமையாயிட்ட?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சி இப்பிடி இருக்கு? சத்தமா வாசி."

கிளாட்வின் வாசித்தான்.

"'மாதிரி ஏற்கப்படவில்லை. உறை சோப்புப் போட்டுத் துவைத்து, இஸ்திரி போட்டு, நாலாக மடித்துக் கொடுக்கப்பட்டுள்ளது. விளக்கம் கேட்டதற்கு இவர் சொன்னது: போட்ட துணிய அழுக்கோடயா அடுத்தவங்க கையில குடுப்பாக?'"

தங்கபுஷ்பம் கண்ணைத் திறந்து விட்டத்தைப் பார்த்தாள்.

"அவளேதான்" என்றாள்.